அச்சு ஒன்றுதான், படகு ஒன்றல்ல

கல்முனைக் கடற்கரையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். மணலில் இழுத்துப் போட்டிருக்கும் பைபர் படகுகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரியும். நிறம் வேறு, எழுதியிருக்கும் பெயர் வேறு. ஆனால் மூக்கும் வயிறும் பின்பலகையும் ஒன்றுதான். சாய்ந்தமருதுக்குப் போனாலும் நிந்தவூருக்குப் போனாலும் இதே காட்சிதான். எங்கிருந்தோ ஒரு நல்ல படகு வந்திருக்கும். அதன்மேல் ஒருவர் மோல்ட் எடுத்திருப்பார். அந்த மோல்டில் பிறந்த படகின்மேல் இன்னொருவர் மோல்ட் எடுத்திருப்பார். இப்படிப் பிரதியின் பிரதியாக எமது கரை நிறைந்திருக்கின்றது.

நான் படகு கட்டுபவன் அல்ல. வன்பொருள் வியாபாரி. பெயின்ட், ஆணி, கயிறு இவற்றோடு ரெசினும் பைபர் மெட்டும் நீண்ட காலமாக விற்று வருகிறேன். படகு கட்டுபவர் கையால் அறிவதை நான் பில் கொப்பியால் அறிகிறேன். அந்தக் கொப்பி எனக்குக் கற்றுத்தந்த ஒரு பாடத்தை, இத்தொழிலில் இறங்க நினைக்கும் நமது இளைஞர்களுக்கும் படகு வாங்கும் மீனவச் சகோதரர்களுக்கும் சொல்லிவைப்பது கடமை என்று நினைக்கின்றேன்.

சுனாமிக்குப் பிறகு

பைபர் படகு எமது நாட்டுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இப்படகுகளைக் கட்டியது. ஆனால் எமது கரையில் மோல்ட் எடுக்கும் தொழில் பெருகியது சுனாமிக்குப் பிறகுதான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. நாடு முழுவதும் மீன்பிடிக் கலங்களில் சுமார் முக்கால் பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போனது. அதன்பின் தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் படகு கேட்டன. அவசரம், பணம் இரண்டும் ஒன்றாக வந்தன. அதுவரை தண்ணீர்த் தாங்கியும் கூரைத் தகடும் ஒட்டியவர்கள்கூடப் படகு ஒட்டத் தொடங்கினார்கள். புதிதாக முளைத்த தளங்கள் சிலவற்றில் கட்டிய படகுகள் தரம் குறைந்தவை என்பதை ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் நிபுணர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அந்த அவசரம் போய்விட்டது. அன்று பழகிய பழக்கம் சில இடங்களில் போகவில்லை.

பிரதி எடுப்பது எப்படி?

இருக்கும் படகொன்றின்மேல் மோல்ட் எடுப்பது கேட்பதற்கு இலேசானது. படகைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பைபர் ஒட்டிக் கழற்றினால் அதுதான் மோல்ட். செய்துபார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

முதலில் மூலப்படகை ஆராய வேண்டும். மூக்கின் நடுவிலிருந்து பின்பலகையின் நடுவுக்கு நூல் கட்டி, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் அளக்க வேண்டும். பல வருடம் மணலில் சரிந்து கிடந்த படகு ஒரு பக்கம் சப்பையாகியிருக்கும், அடிமரம் வளைந்திருக்கும். அதன்மேல் மோல்ட் எடுத்தால் அந்தக் கோணலும் சேர்ந்துதான் பிறக்கும். பிறகு ஒரு படகல்ல, ஐம்பது படகும் ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்து, கீறல்களைப் புட்டி வைத்து அடைத்து, தண்ணீர் உப்புத்தாள் போட்டுக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். மெழுகு ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு தடவை பூசித் துடைக்க வேண்டும். அதன்மேல் கழன்று வருவதற்கான மெல்லிய படலம் ஒன்று அடிப்பார்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்து மோல்ட் ஒட்டிக்கொண்டால் மூலப்படகும் போகும், மோல்டும் போகும்.

அதன்பின் ஜெல்கோட். அது பதமாக இறுகிய பின் மெல்லிய 300 கிராம் மெட் ஒரு படை. உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, இறுக விட வேண்டும். பிறகுதான் 450 கிராம் மெட்டுகள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படைக்கு மேல் போடக்கூடாது. ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். அவசரப்பட்டு ஐந்தாறு படையை ஒரே மூச்சில் போட்டால் அந்தச் சூட்டில் மோல்ட் சுருங்கி வடிவம் மாறிவிடும். மோல்டின் தடிப்பு, அதில் பிறக்கப்போகும் படகின் தடிப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

மோல்டுக்கு வெளிப்புறமாக மரத்தாலோ இரும்பாலோ சட்டம் கட்டுவதை, மூலப்படகிலிருந்து கழற்றும் முன்னரே செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு சட்டம் அடித்தால் வளைந்த வடிவத்துக்குத்தான் சட்டம் அடித்ததாக ஆகும். ஒன்றிரண்டு கிழமை ஆறவிட்டு, மர ஆப்புகளை மெதுவாகச் செருகி, இடுக்கில் தண்ணீர் விட்டுக் கழற்ற வேண்டும். சுத்தியல் அடித்தால் வெடிக்கும். படகின் மேல்விளிம்பு உட்பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே துண்டாக எடுத்த மோல்ட் கழன்று வரவே வராது. அப்படியான படகுக்கு நடுக்கோட்டில் பிரித்து, இரண்டு துண்டாக மோல்ட் எடுத்து, போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே. ரெசினுக்குக் கலக்கும் கட்டலிஸ்ட் எமது வெக்கையில் நூற்றுக்கு ஒன்று போதும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதை கோபால்ட்டோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கண்ணாடி போடாமல் வேலை செய்யும் பையன்களை நான் இன்றும் பார்க்கின்றேன்.

அச்சில் ஏறாத விடயங்கள்

இவ்வளவும் சரியாகச் செய்தால் மூலப்படகின் வெளித்தோற்றம் மயிரிழை பிசகாமல் வரும். அதோடு மோல்டின் வேலை முடிந்தது. மூலப்படகின் தோலுக்குள் எத்தனை படை மெட் இருந்தது, எங்கே ரோவிங் துணி போட்டிருந்தார்கள், அடியில் எங்கே இரட்டைப் படை, பின்பலகைக்குள் என்ன பலகை, இருக்கைகளுக்குள் மிதவைப் பஞ்சு எவ்வளவு என்பதை மோல்ட் சொல்லாது. அதைப் பார்க்க வேண்டுமானால் படகை வெட்ட வேண்டும். நல்ல படகை யார் வெட்டுவார்?

ஆகவே பிரதி எடுப்பவர் அந்த இடத்தைத் தனது ஊகத்தாலும் தனது இலாபத்தாலும் நிரப்புகின்றார். இங்கேதான் என் கொப்பியின் கதை வருகின்றது.

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் எமது பகுதியில் ஒருவர் நல்ல 18 அடிப் படகொன்றின்மேல் மோல்ட் எடுத்துத் தொழில் தொடங்கினார். பொருட்கள் எல்லாம் என்னிடம்தான், கடனுக்கு. முதல் படகுக்கு மெட் 55 கிலோ, ரெசின் 135 கிலோ போனது. நாலைந்து படகு கழிந்ததும் ஒரு படகுக்கு மெட் 40 கிலோ, ரெசின் 95 கிலோ என்று வந்தது. மோல்ட் அதே மோல்ட். நீளமும் அகலமும் அதே. எனக்கு விளங்கியது. ஒரு நாள் கேட்டேன்.

“மோல்ட் ஒண்டுதானே காக்கா, உள்ளுக்கு ஆரு பாக்கப் போறா? லேசா இருந்தா எண்ணெயும் மிச்சம்” என்றார் அவர்.

நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கடன் வாடிக்கையாளர், மாதா மாதம் பணம் தருபவர். விற்பது என் வேலை, ஒட்டுவது அவர் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாடைக் காலம் கழிந்தது. ஒரு நாள் பின்னேரம் தெரிந்த தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். கையில் உள்ளங்கை அளவு பைபர் துண்டு. மேசையில் வைத்தார். “காக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. இதிலதான் நானும் மச்சானும் கடலுக்குப் போயிருக்கம்” என்றார். மருதமுனைக்கு நேரே கடலில் அடிப்பாகம் வெடித்துத் தண்ணீர் ஏறியிருக்கின்றது. படகு நிறைந்ததும் பின்பக்கமாகத் தாழத் தொடங்கியது. இருவரும் வெற்று எண்ணெய்க் கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, வேறொரு படகு வந்து ஏற்றியதால் உயிர் தப்பினார்கள். அந்தத் துண்டை அளந்து பார்த்தேன். 4 மில்லிமீற்றர் வரவில்லை. உள்ளே ரெசின் ஊறாத வெள்ளை நார் பஞ்சுபோல் உதிர்ந்தது. அது என் கடை மெட். அந்தப் படகின் பில் என் கையெழுத்து. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலில் ஒன்றைக் குறைத்தால்

இதில் ஒரு கணக்கு இருக்கின்றது. நமது ஆட்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

ஒரு தகட்டின் தடிப்பைக் குறைத்தால் அதன் விறைப்பு அதே அளவில் குறைவதில்லை. தடிப்பை மூன்று தடவை தன்னால் பெருக்கும் கணக்கில் குறைகின்றது. 6 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய அடிப்பாகத்தை 4.5 மில்லிமீற்றராக ஒட்டினால் பொருளில் மிச்சம் நாலில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பில் எஞ்சுவது 42 வீதம்தான். பாதிக்கும் மேல் போய்விடும். பாதித் தடிப்பில் ஒட்டினால் எட்டில் ஒரு பங்கு விறைப்புத்தான் இருக்கும்.

விறைப்புக் குறைந்த அடிப்பாகம் ஒவ்வொரு அலையிலும் மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வரும். அப்படி ஆயிரக்கணக்கில் அசைந்து அசைந்து ஜெல்கோட்டில் மயிர்க்கோடு விழும். அந்தக் கோட்டால் தண்ணீர் ஊறும். பிறகு ஒரு நாள் வெடிக்கும். மரத்தோணி என்றால் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. 250 கிலோ பைபர் மூழ்கிய நிலையிலும் சுமார் 80 கிலோ கீழே இழுக்கும். 25 குதிரைவலு என்ஜின் இன்னுமொரு 50 கிலோ. ஒரு லீட்டர் மிதவைப் பஞ்சு ஏறத்தாழ ஒரு கிலோவைத்தான் தாங்கும். ஆட்கள் பிடித்துத் தொங்கவும் வேண்டும் என்றால் 200 லீட்டராவது பஞ்சு இருக்கைகளுக்குள் இருக்க வேண்டும். அந்தத் தம்பியின் படகில் இருக்கைப் பெட்டிகள் வெறும் பெட்டிகள். வெளியே பார்த்தால் மூலப்படகின் இருக்கை மாதிரியேதான் இருந்தன.

எமது கரையின் தன்மையையும் யோசிக்க வேண்டும். ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடிய கதையும் எல்லோருக்கும் தெரியும். எமது சிறு படகுகள் இன்றும் உடைகின்ற அலையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகின்றன. மணலில் இழுத்துத்தான் கரையேறுகின்றன. களப்பில் ஓடும் படகுக்கு இந்த அடி விழுவதில்லை. ஆகவே மோல்ட் எடுக்க முன்னர் மூலப்படகு எந்தத் தண்ணீருக்குக் கட்டியது என்று பாருங்கள். களப்புப் படகின் பிரதி கடலில் தாங்காது.

2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதியாகும் ரெசினும் மெட்டும் எந்த விலைக்குப் போயின என்பதை விற்ற நான் அறிவேன். அதே வருடம் ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இலேசான படகு எண்ணெய் மிச்சம் என்ற பேச்சு அந்த நேரத்தில் எல்லோருக்கும் இனித்தது. படை படையாகக் குறைத்துப் பெற்ற இலேசு, எண்ணெயில் மிச்சம் பிடித்து உயிரில் செலவழிக்கும் இலேசு.

பிரதி எடுப்பது குற்றமா?

பலர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் இதற்காகப் பெரிய வழக்கே நடந்தது. புளோரிடாவைச் சேர்ந்த பொனிட்டோ போட்ஸ் என்ற நிறுவனம் 1976ஆம் ஆண்டு ஒரு பைபர் படகை உருவாக்கிச் சந்தையில் விட்டது. படகின்மேல் நேரடியாக மோல்ட் எடுப்பதைத் தடுக்க 1983இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. தண்டர் கிராப்ட் என்ற நிறுவனம் அப்படி மோல்ட் எடுத்ததாக பொனிட்டோ வழக்குத் தொடர்ந்தது. 1989இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. காப்புரிமை பெறாமல் பகிரங்கமாக விற்ற பொருளின் வடிவத்துக்கு ஒரு மாநிலம் தனியாக வேலி போட முடியாது என்பது அதன் சாரம். பிறகு 1998இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே படகு வடிவங்களுக்குப் பத்து வருடப் பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் இயற்றியது.

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கின்றது. புதிய கைத்தொழில் வடிவமொன்றைப் பதிவு செய்தால் முதலில் ஐந்து வருடமும், புதுப்பித்தால் மொத்தம் பதினைந்து வருடமும் பாதுகாப்புக் கிடைக்கும். ஆகவே பிரதி எடுக்க நினைப்பவர், அந்த வடிவம் பதிவானதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. படகுச் சொந்தக்காரரிடமும், கட்டியவர் இருந்தால் அவரிடமும் முகம் பார்த்துக் கேட்பது அதைவிட நல்லது. கேட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. கட்டியவர் மனம் வைத்தால் உள்ளே எத்தனை படை என்று சொல்லுவார். களவாக மோல்ட் எடுப்பவருக்கு அந்தத் தகவல் ஒருநாளும் கிடைக்காது.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

படகைத் தட்டிப் பார்த்தும் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தும் தரம் தெரியாது. நான் சொல்லும் மூன்று காரியத்தைச் செய்யுங்கள். பெரிய செலவில்லை.

முதலாவது, படகை நிறுங்கள். 450 கிராம் மெட் ஒரு படை ரெசினோடு சேர்ந்து ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். 14 சதுர மீற்றர் பரப்புள்ள படகில் ஒரு படையைக் குறைத்தால் நிறையில் 20 கிலோவுக்கு மேல் குறையும். தொங்கு தராசு அதைக் காட்டிவிடும். ஒரே மோல்டில் பிறந்த இரண்டு படகின் நிறை 40 கிலோ வித்தியாசப்பட்டால் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் வடியும் துவாரம் வெட்டும்போது விழும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதை அளந்தால் அந்த இடத்துத் தடிப்பு தெரியும். நிறுத்துவிட்டு நெருப்பில் எரித்தால் ரெசின் போய் நார் மட்டும் மிஞ்சும். மெட்டால் ஒட்டிய துண்டில் நாரின் நிறை நூற்றுக்கு முப்பதளவில் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் வெறும் ரெசினைத் தடிப்பாக ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எரிக்கும் புகை நல்லதல்ல. வெளியில், காற்றுக்கு மேற்பக்கம் நின்று செய்யுங்கள்.

மூன்றாவது, எத்தனை படை, எந்த மெட், எவ்வளவு மிதவைப் பஞ்சு என்பதைக் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையாக ஒட்டியவருக்கு இதில் நட்டமில்லை; அதுவே அவருக்கு விளம்பரம். நமது பகுதியில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். நிறையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தால் மலிவுக்காரரோடு அவர்கள் விலையில் போட்டி போட வேண்டிய தேவை இராது.

வியாபாரிகளாகிய எமக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. அந்தப் பைபர் துண்டு இன்றும் என் கடை மேசை லாச்சிக்குள் கிடக்கின்றது. அதற்குப் பிறகு படகுக்கு மெட் வாங்க வருபவரிடம் எத்தனை அடி, எத்தனை படை என்று கேட்டு, தேவையான கிலோவைக் கணக்குப் பார்த்து பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கின்றேன். வாங்கும் அளவு அதைவிடக் குறைந்தால் வாய் திறந்து சொல்லுகின்றேன். இதனால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். படகு எடுக்கும் மீனவர்கள் சிலர் இப்போது தாங்களே வந்து, “எங்கட படகுக்கு எவ்வளவு மெட் போகணும் காக்கா?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள்.